சாட்சிக்கு வைத்த விரல்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி மாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், மரக்காணத்தைச் சேர்ந்த உப்பளத் தொழிலாளி கலையரசன், வயது 46, குடல்வால் வெடித்த நிலையில் சேர்க்கப்பட்டார். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பில் தொகை 93,000 ரூபாய்.

புதுச்சேரியிலுள்ள அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மருக்குத்தான் கொண்டுபோவதாக இருந்தது. வழியில் அவர் சுருண்டு துடித்ததைப் பார்த்த ஆட்டோக்காரர், அதுவரை தாங்காது என்று பயந்து, கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரிக்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். திருப்பியது நல்லதுதான் என்று பிறகு டாக்டரும் சொன்னார். காப்பீட்டு அட்டை மூன்று வருடமாகப் புதுப்பிக்கப்படாமல் அரிசி டிரம்மின் அடியில் கிடந்தது.

கலையரசனின் மனைவி சிவசங்கரி காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து இருபத்தைந்தாயிரம் கட்டினாள். மீதி அறுபத்தெட்டாயிரத்துக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு மேசை இருந்தது. டை கட்டிய இளைஞன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான். மாதம் 5,900 ரூபாய், பன்னிரண்டு மாதம் கட்டினால் போதும் என்றான். சிவசங்கரி சரி என்றதும் ஒரு சின்னக் கருவியை நீட்டி விரலை வைக்கச் சொன்னான்.

சிகப்பு விளக்கு எரிந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு வைத்தாள். மறுபடி சிகப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பிப்ரவரியிலிருந்து உப்புத்தண்ணீரில் ஊறிய கை அது. தோல் வழுவழுவென்று வெளுத்து, நுனிகள் சோப்புத் துண்டுபோல் ஆகியிருந்தன. அளத்தில் வேலை செய்கிற யாருக்கும் சீசனில் ரேகை விழாது. ரேஷன் கடையில் இது தெரிந்த கதை; கடைக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஆஸ்பத்திரி மேசையில் நோட்டு கிடையாது.

கூட வந்திருந்த சின்னப்பாப்பாதான் கையை நீட்டினாள். அவள் பக்கத்து வீடு. கணவர் இறந்து ஒன்பது வருடம். அளத்துக்குள் இறங்குகிறவள் இல்லை. வரப்பு மேட்டில் அடுப்பு வைத்து டீயும் சுண்டலும் விற்கிறவள். அதனால் அவள் விரல் எப்போதும் சுத்தமாகப் பதியும். தெருவில் யாருக்காவது செல்போன் சிம் வேண்டுமென்றால் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அன்றைய தேதிக்கு அவள் ரேகையில் அடுத்தவர்களின் சிம் நாலு ஓடிக்கொண்டிருந்தது. சிவசங்கரியின் போனும் அதில் ஒன்று.

"சாட்சிக்குத்தானேப்பா?" என்று கேட்டாள்.

"அந்த மாதிரிதாம்மா," என்றான் அவன். பச்சை விளக்கு எரிந்தது. மகளிர் குழுவில் கணக்கு வைத்திருந்ததால் பான் அட்டையும் அவளிடம் இருந்தது. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டான்.

ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதம் சிவசங்கரி பஸ் ஏறிப் போய் அந்த மேசையில் பணம் கட்டினாள். மழை பிடித்ததும் அளம் மூடியது, கூலி நின்றது. பொங்கலுக்குப் பிறகு சேர்த்துக் கட்டுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவனும் தலையாட்டினான். ஜனவரி கடைசியில் ஒரு தவணைப் பணத்தோடு போனபோது அந்த மேசையே இல்லை. பில் போடும் ஜன்னலில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஆஸ்பத்திரிக்கு எதுவும் பாக்கி இல்லையேம்மா," என்றாள். சிவசங்கரி இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதே பதில்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சேரவேண்டிய பணத்தை சென்னையிலுள்ள ஒரு நிதி நிறுவனம் முதல் வாரமே கட்டி முடித்திருந்தது. கடன் அந்த நிறுவனத்துக்கும் சின்னப்பாப்பாவுக்கும் இடையில் இருந்தது.

சிவசங்கரிக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்த கடன்கள் எல்லாம் வாசலுக்கு வருபவை. வாரக்கடன்காரன் செவ்வாய்க்கிழமை பைக்கை நிறுத்திவிட்டு, பணம் கையில் வரும்வரை செருப்பைக் கழற்றாமல் நிற்பான். இதற்கு யாரும் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, ஏழை என்று யாரோ மனசு வைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். திரும்பும் வழியில் பூமீஸ்வரர் கோயில் உண்டியலில் ஐம்பது ரூபாய் போட்டாள்.

*

2025 ஜூன் 16, திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே அளத்தில் ஆள் இறங்கியிருந்தது. ஜூனில் வெயிலோடு போட்டி போட முடியாது. ஒன்பது மணிக்கு மேல் வெள்ளைத் தரையிலிருந்து கண்ணில் குத்தும். நீளமான கழியின் நுனியில் பலகை பொருத்தி, பாத்தியின் அடியில் படிந்த உப்பைக் கலங்காமல் இழுத்து வரப்போரம் ஒதுக்க வேண்டும். அழுத்தினால் அடிமண் கிளம்பி உப்பு கறுத்துவிடும். தொட்டும் தொடாமலும் இழுக்க வேண்டும். சிவசங்கரிக்கு அது பதினாறு வயதில் வந்த கை.

ஆபரேஷனுக்குப் பிறகு கலையரசனால் கூடை தூக்க முடியவில்லை. அதனால் இந்த சீசனில் கூலி வேலையோடு, முதலாளியிடம் பங்குக்குச் சில பாத்திகளை வாங்கியிருந்தார்கள். அவர் தண்ணீர் பாய்ச்சி, மடை பார்த்துக்கொள்வார். அவள் முதலாளி வேலை முடித்துவிட்டு வெயிலோடு வந்து தங்கள் பாத்தியை வாருவாள். பங்கு போக அவர்கள் பாகமாக முந்நூற்றுப் பத்து மூட்டை அளவுக்கு ஒரு குவியல் மேட்டில் நின்றது. மேலே பனையோலை வேய்ந்து மூடியிருந்தார்கள். இப்போது மூட்டை நூற்றைம்பதுக்கு மேல் போகாது. ஐப்பசி மழையில் அளம் மூடிய பிறகு விற்றால் இருநூற்றைம்பது, சில வருடம் அதற்கும் மேலே. மழைக்கால மூன்று மாதச் சோறு அந்த ஓலைக்கு அடியில் இருந்தது.

ஏழரை மணிக்கு டீ குடிக்க மேட்டுக்கு ஏறினாள். சின்னப்பாப்பா எல்லோருக்கும் ஊற்றினாள். சிவசங்கரியின் தம்ளரை மட்டும் எடுக்கவில்லை.

"இன்னா பாப்பாக்கா, எனக்கு இல்லியா?"

சின்னப்பாப்பா கரண்டியால் அடுப்புச் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை பேசவில்லை. பிறகு இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"படி. உனக்குப் படிக்க வரும் இல்ல."

ஆங்கிலம். சிவசங்கரிக்கு எண்கள் மட்டும் புரிந்தன. மேலே சிகப்பில் 541 என்று பெரிதாக இருந்தது.

"எம் பொண்ணு நர்சிங் படிப்புக்கு லோன் கேட்டேன் இல்ல. பேங்க்ல குடுக்க முடியாதுன்னுட்டாங்க. நான் கடன் வாங்கி ஏமாத்துனவளாம். மேனேஜர் சொல்றாரு. அறுபத்தெட்டாயிரம் வாங்கிட்டு எட்டு மாசமா கட்டாம கீறனாம். எம் பக்கத்துல குழுத் தலைவி ஒக்காந்துகினு கீது, அதும் முன்னாடி சொல்றாரு."

அறுபத்தெட்டாயிரம் என்ற எண்ணைக் கேட்டதும் சிவசங்கரி உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பாக்கியே இல்லன்னாங்களேக்கா."

"உனக்கு இல்ல. எனக்குத்தான் இருக்குது."

போன் வந்திருக்கிறது, நிறைய. நவம்பரிலிருந்தே வந்திருக்கிறது. பதிவு செய்த குரலில் ஒரு பெண் இங்கிலீஷிலும் இந்தியிலும் பேசுவாள், சின்னப்பாப்பா துண்டித்துவிடுவாள். முன்பின் தெரியாதவன் கடன், வங்கி என்று பேசினால் நம்பாதீர்கள் என்று போலீஸே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தது. போலீஸ் சொன்னபடிதான் அவள் கேட்டிருக்கிறாள்.

சின்னப்பாப்பாவின் மகள் நிவேதாவுக்குத் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இடம் உறுதியாகியிருந்தது. முதல் வருடக் கட்டணம் எண்பத்தைந்தாயிரத்தை ஜூலை 31-க்குள் கட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. அப்பா இல்லாத பிள்ளை என்பதால் கல்விக்கடனில் உடன்கையெழுத்துப் போட அம்மாவைத் தவிர ஆள் இல்லை.

"உம் புருஷன் உசுருக்குன்னுதான் வெரலை வெச்சேன். இப்பவும் அதுக்கு வருத்தப்படல," என்றாள் சின்னப்பாப்பா. "ஆனா கட்டலன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல நீ."

பாக்கி இருப்பது சிவசங்கரிக்கே தெரிந்திருக்கவில்லை. அதையே மறுபடி சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும் என்று பட்டது. டீ குடிக்காமல் இறங்கிப்போனாள். அன்று அவள் வாரிய பாத்தியில் உப்பு கறுத்துப்போயிருந்ததை மேஸ்திரி கூப்பிட்டுக் காட்டினார்.

*

மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில், வெவ்வேறு இருக்கையில் உட்கார்ந்து வங்கிக்குப் போனார்கள். மேலாளர் தட்சணாமூர்த்தி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். முகத்தைச் சுளிக்கவில்லை, குழைந்தும் பேசவில்லை. காகிதத்தில் இருந்த 541, கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்குக்குப் போடுகிற மதிப்பெண் என்றார்; அதன் கீழே ஒரு வரிசைக் கட்டங்களைக் காட்டினார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம். ஜூன் முதல் அக்டோபர் வரை பச்சை. பிறகு மஞ்சள், பிறகு சிகப்பு, சிகப்பு, சிகப்பு.

"இது யார் வீட்டு வைத்தியச் செலவுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதும்மா. அது விரலைத்தான் பார்க்கும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்ட கதையை நான் நம்பறேன். நம்பி ஒண்ணும் பண்ண முடியாது. அந்தக் கம்பெனிக்குப் பணத்தைக் கட்டுங்க. பாக்கி இல்லைன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க. மேல அனுப்பிப் பார்க்கறேன்."

கம்பெனியின் எண்ணையும் அவரே எழுதிக் கொடுத்தார். வங்கி வாசல் வேப்பமரத்தடியில் நின்று சின்னப்பாப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டார்கள். எடுத்தவன் தமிழ்க்காரன்தான், பெயர் சகாயராஜ் என்றான். ஏழு தவணை 41,300, தாமதக் கட்டணமும் அதன்மேல் வட்டியுமாக 17,900, மொத்தம் 59,200 என்றான். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள்.

சகாயராஜ் குரலைத் தாழ்த்தி, இந்த மாதத்துக்குள் ஒரே தவணையாக இருபத்தைந்தாயிரம் கட்டினால் கணக்கை முடித்து லெட்டர் கொடுத்துவிடலாம், கஷ்டப்படுகிறவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது என்றான்.

சின்னப்பாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருவத்தஞ்சு பெரட்டிடுவியாடி?" என்றாள்.

"பொரட்டிடறேங்க்கா."

திரும்பும்போது ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

வீட்டில் கலையரசன் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, கேழ்வரகுக் களி கிண்டி வைத்திருந்தார். தூக்கும் வேலை போன பிறகு அடுப்பு அவர் பக்கம் வந்திருந்தது. கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, அவளைவிட நன்றாகவே வைத்தார். இருபத்தைந்தாயிரம் என்று கேட்டதும் அவருக்கும் மூச்சு வந்தது. குவியலில் நூற்றெண்பது மூட்டையைத் தள்ளினால் கதை முடிந்தது, மீதி மழைக்கு ஆகும் என்று களியை உருட்டிக்கொண்டே கணக்குப் போட்டார்.

*

உப்பு வாங்க முஹம்மது யூசுப் கோட்டக்குப்பத்திலிருந்து மினி லாரியில் வருவார். மீன் காயவைக்கிறவர்களுக்கும் ஐஸ் பேக்டரிகளுக்கும் உப்பு போடுகிறவர். பத்து வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். வியாழக்கிழமை வந்து ஓலையை விலக்கி, ஒரு கை அள்ளி வெயிலில் காட்டிப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார்.

"நூத்தி இருவது."

"பாய், வெள்ளையா பாலாட்டம் இருக்குது. நூத்தம்பது குடுங்க."

"பாலுன்னா டீக்கடைக்குப் போட்டுடும்மா. உப்புக்கு நூத்தி இருவதுதான்." பிறகு அவரே கேட்டார். "மழை வரைக்கும் வெச்சிருந்து விக்கிற ஆளு ஆச்சே நீ. இப்ப இன்னா அவசரம்?"

அவள் சொன்னாள். யூசுப் லாரியின் படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"இருவத்தஞ்சு கட்டுனா முடிச்சிடறேன்னான் இல்ல. இன்னான்னு எழுதிக் குடுப்பான்னு கேட்டியா?"

"முடிஞ்சிச்சுன்னு எழுதிக் குடுப்பான்."

"அங்கதாம்மா இருக்குது. கொரோனாவுல இந்த லாரிக்கு நான் டியூ கட்டல. இதே மாதிரி பாதியில பேசி முடிச்சேன். எனக்கு சந்தோஷம், அல்ஹம்துலில்லாஹ்னு வந்துட்டேன். போன வருஷம் எம் மவன் ரயான் வீடு கட்ட லோன் கேட்டான், நானும் கூடக் கையெழுத்து. பேங்க்ல எடுத்துப் பாத்தா எம் பேருக்கு நேரா, இவன் முழுசா கட்டல, பாதிலதான் முடிச்சான்னு எழுதி வெச்சிருக்கான். அது ஏழு வருஷம் நிக்குமாம். எந்தக் கவர்மென்ட் பேங்கும் அதைப் பாத்தா கை வைக்காது. கட்டாதவனும் பாதி கட்டுனவனும் அவனுக்கு ஒண்ணுதான்."

"அப்ப நெவேதாவுக்கு லோன்?"

"வராது. அந்தம்மா கையில லெட்டர் இருக்கும். லோன் இருக்காது."

காற்று கடலிலிருந்து திரும்பியிருந்தது. விலக்கிய ஓலை படபடவென்று அடித்துக்கொண்டது. சிவசங்கரி ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

யூசுப் எழுந்தார். "நூத்தி எண்பது மூட்டைதானே? நாளைக்கு ஆளு அனுப்பட்டுமா?"

"நாளைக்குச் சொல்றேன் பாய்."

*

அன்று இரவு சாப்பாட்டின்போது அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கலையரசன் தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பேசினார்.

"பேங்க்காரன் லெட்டர்தான் கேட்டான். லெட்டர் நாம வாங்கிக் குடுத்துடறோம். அதுக்கு மேல அவன் குடுக்கறான், குடுக்கல, அது நம்ம கையிலயா இருக்குது?"

"இருக்குதுன்னு தெரிஞ்சிடுச்சே இப்ப."

"பாய் சொல்லலன்னா தெரிஞ்சிருக்காது இல்ல. பாப்பாக்காவுக்கே தெரியாது. இருவத்தஞ்சுன்னதும் அதுதான் மொதல்ல சந்தோஷப்பட்டுதுன்னு நீயே சொன்ன." குரல் கெஞ்சலாக இறங்கியது. "மூணு மாசம் மழை, சங்கரி. மொத்தக் குவியலும் போயிட்டா இன்னா துன்றது? திரும்ப வாரக்கடன்ல போயி நிக்கணும். என்னால தூக்க முடிஞ்சா நான் இப்பிடி பேசுவனா."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கத்து வீட்டில் நிவேதா யாரிடமோ போனில் பேசிச் சிரிப்பது சுவர் வழியே கேட்டது. சீருடைத் துணி வெள்ளையா, இளநீலமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிவசங்கரி தன் வலது கையை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் நுனியில் ஒரு கோடு இல்லை.

"எனக்கு ரேகை இருந்திருந்தா இந்த சிகப்புக் கட்டமெல்லாம் எம் பேர்ல இருந்திருக்கும்," என்றாள். "அப்ப நான் பாதியில முடிச்சிருப்பேன். ஏழு வருஷம் இன்னா, எழுவது வருஷம் இருந்தாலும் எனக்கு எவன் லோன் குடுக்கப் போறான்? ஆனா இது பாப்பாக்கா பேருங்க. இரவல் வாங்கினதைப் பாதியா திருப்பிக் குடுக்க முடியுமா?"

கலையரசன் வெளியே போய் நின்றார். உள்ளே வந்தபோது வயிற்றுத் தையலைத் தடவிக்கொண்டே, "நூத்தி இருவதுக்கு விடாத," என்றார். "பாய் நூத்தி நாப்பது வரைக்கும் வருவாரு. எனக்குத் தெரியும்."

*

யூசுப் நூற்று முப்பதில் நின்றார். அவள் ஓலையை மறுபடி மூடப் போனாள். நூற்று முப்பத்தைந்து என்றார். ஏற்றுக்கூலி அவளுடையது என்றார். அவள் இரண்டாவது கல்லையும் ஓலைமேல் வைத்தாள். கடைசியில் நூற்று நாற்பது, ஏற்றுக்கூலி அவருடையது என்று முடிந்தது. நஷ்டத்தில் வாங்குவதாகச் சொல்லிக்கொண்டே பணத்தை எண்ணினார். முந்நூற்றுப் பத்து மூட்டைக்கு 43,400 ரூபாய். குவியல் நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மிஞ்சியது.

59,200-க்கு அது போதாது. சனிக்கிழமை சின்னப்பாப்பாவின் வீட்டில் போனைப் பாயில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு, சகாயராஜைக் கூப்பிட்டார்கள். நடந்ததையெல்லாம் சிவசங்கரி அதற்குள் சின்னப்பாப்பாவிடம் சொல்லியிருந்தாள், பாதி லெட்டர் சங்கதி உட்பட. சின்னப்பாப்பா இருந்த இடத்திலிருந்து எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

சகாயராஜுக்குக் குழப்பமாக இருந்தது. இருபத்தைந்தாயிரத்தில் முடியும் கணக்குக்கு யாரும் அதிகம் தருகிறேன் என்று பேசி அவன் கேட்டதில்லை.

"தம்பி, வாங்குனதை முழுசா கட்டறோம்," என்றாள் சிவசங்கரி. "ஏழு டியூவும் கட்டறோம். தாமதத்துக்குன்னு போட்டீங்களே, அதைத்தான் கொறைக்கச் சொல்றோம். ஆஸ்பத்திரியில அந்தத் தம்பிகிட்ட பொங்கலுக்கு அப்பறம் கட்டறேன்னு சொன்னேன், சரின்னாரு. பணத்தை எடுத்துகினு போனேன். மேசையே இல்ல. எங்க கட்டறதுன்னு யாரு சொன்னீங்க?"

"போன் பண்ணோம்மா. முப்பத்தி ரெண்டு தடவை."

"இந்தியிலதானே பண்ணீங்க," என்றாள் சின்னப்பாப்பா. "நீ இப்ப பேசற மாதிரி ஒரு தடவ பேசியிருந்தா அன்னிக்கே வந்திருப்போம் இல்ல."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். செவ்வாய்க்கிழமை அவனே கூப்பிட்டான். தாமதக் கட்டணத்தில் 3,500 மட்டும், மொத்தம் 44,800, அதற்குக் கீழே அவனால் முடியாது என்றான்.

பணத்தை அனுப்பச் சொன்னபோது சிவசங்கரி மறுத்துவிட்டாள். முதலில் எழுத்து வரட்டும் என்றாள். முழுசாகக் கட்டி முடித்தது என்று இருக்க வேண்டும், பாதியில் பேசி முடித்தது என்று இருக்கக் கூடாது. மறுநாள் நிவேதாவின் போனுக்குக் கடிதம் வந்தது. நிவேதா அதை முதலில் இங்கிலீஷில் வாசித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"சித்தி, முழுத் தொகையும் பெறப்பட்டுக் கணக்கு மூடப்படும்னு போட்டிருக்கு. பேச்சுவார்த்தையில முடிச்சதுன்னு எங்கயும் இல்ல."

"இன்னொரு வாட்டி படி."

படித்தாள்.

43,400-உடன் மூன்று நாள் கூலி 1,410 சேர்ந்தது. வங்கியில் கட்டிவிட்டு வெளியே வந்தபோது சிவசங்கரியின் கையில் பத்து ரூபாய் மிச்சம் இருந்தது. சின்னப்பாப்பாதான் பஸ் டிக்கெட் எடுத்தாள்.

*

ஜூலை 31 வந்தபோது காகிதம் மாறியிருக்கவில்லை. கணினியில் ஏற நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றார் தட்சணாமூர்த்தி. கம்பெனிக் கடிதத்தையும், பழைய ஆஸ்பத்திரி பில்லையும், இரண்டு பெண்களும் எழுதிக் கொடுத்த விளக்கத்தையும் இணைத்து விழுப்புரம் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். கல்லூரிக்குத் தானே ஒரு கடிதமும் கொடுத்தார், கடன் பரிசீலனையில் இருப்பதாக. அதை வைத்துக்கொண்டு கல்லூரியில் பதினைந்தாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் 10 வரை அவகாசம் கொடுத்தார்கள். பதினைந்தாயிரத்தை மகளிர் குழு உள்கடனாகத் தந்தது. வங்கியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழுத் தலைவிதான் அதை முன்மொழிந்தாள்.

ஆகஸ்டில் இரண்டு தடவை கோடைமழைபோல் ஒன்று கொட்டி, பாத்தியில் விளைந்து நின்ற உப்பைக் கரைத்துவிட்டுப் போனது. சிவசங்கரியும் கலையரசனும் மறுபடி சேற்றை மிதித்துத் தரை கட்டினார்கள். தரை இறுக வேண்டுமென்றால் காலால் மிதித்தே ஆக வேண்டும். மணிக்கணக்கில், ஒரே தாளத்தில். மிதிக்க அவரால் முடிந்தது. வெகுநாள் கழித்து அவளோடு சேர்ந்து ஒரு முழு நாள் வேலை செய்தார். செப்டம்பர் கடைசிக்குள் எழுபது மூட்டை சேர்ந்தது. ஓலை மூடி வைத்தார்கள். சின்னக் குவியல்தான்.

செப்டம்பர் 4-ஆம் தேதி, நிவேதாவுக்கு நாலு வருடத்துக்கு 3,20,000 ரூபாய் கல்விக்கடன் அனுமதிக்கப்பட்டது. கூட்டுக் கடன்தாரர்: சின்னப்பாப்பா. காகிதத்தில் 541 இருந்த இடத்தில் 618 இருந்தது. சிகப்புக் கட்டங்கள் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே, கணக்கு மூடப்பட்டது என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

அக்டோபர் மூன்றாவது வாரம் மழை பிடித்தது. எழுபது மூட்டையும் அரசு தரும் மழைக்கால நிவாரணம் ஐயாயிரமும் கார்த்திகை பாதிவரை வந்தன. அதற்குப் பிறகு கலையரசன் ஈ.சி.ஆர். சாலையில் ஒரு ஓட்டலில் காய் நறுக்கும் வேலைக்குப் போனார். அங்கே ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அடுப்பில் நிறுத்திக்கொண்டார்கள்.

2025 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை, மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள செல்போன் கடையில் சிவசங்கரி வலது கட்டைவிரலைக் கருவியில் வைத்தாள். அளத்துத் தண்ணீர் படாமல் ஏழு வாரம் ஆகியிருந்தது. முதல் தடவை சிகப்பு. இரண்டாவது தடவையும் சிகப்பு.

"அழுத்தாத. உப்பு இழுக்கற மாதிரி வை," என்றாள் கூட வந்திருந்த சின்னப்பாப்பா.

மூன்றாவது தடவை பச்சை எரிந்தது. கடைக்காரர் பழைய சிம்மை எடுத்துவிட்டு, சிவசங்கரியின் பெயரில் புதியதைப் போட்டுக் கொடுத்தார்.

சின்னப்பாப்பாவின் ரேகையில் ஓடும் அடுத்தவர் சிம் கார்டுகள் இப்போது மூன்று.